பேரைப் போடலாமா, கூடாதா?

மஞ்சக்குப்பம் நிருபர்:
கடலூர்ல ஒரு மாலைப் பத்திரிகைக்கு எழுதுறேன். சிப்காட் பக்கம் ஒரு ஆலை ராத்திரியில கழிவுநீரைத் திறந்துவிடுதுன்னு பேர் சொல்லாத ஒருத்தர் பேஸ்புக்ல படமா போட்டுத் தள்ளுறார். ஒரு படத்துல பைக் கண்ணாடிக்குள்ள நம்பர் பிளேட் இடம்வலம் மாறித் தெரிஞ்சுது. விசாரிச்சா, அதே ஆலையோட காண்ட்ராக்ட் தொழிலாளி! "பேரோட போடுய்யா, முதல் பக்கம்"ங்கிறார் ஆசிரியர். என்ன செய்ய?

வில்லியனூரான்:
முதல்ல அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்க. நீங்க கண்டுபிடிச்சது கெட்டிக்காரத்தனம்தான், ஆனா செய்தி வாய்க்கால்லதானே ஓடுது? 2009-ல லண்டன் டைம்ஸ், 'நைட்ஜாக்'ங்கிற பேர்ல எழுதின போலீஸ்காரரை அம்பலப்படுத்திச்சு. அவரோட மின்னஞ்சலுக்குள்ள நிருபர் புகுந்தது அப்புறம்தான் வெளிய வந்துச்சு. 2012-ல 42,500 பவுண்டு இழப்பீடு அழுதாங்க.

முதுநகர் பையன்:
அப்போ பொண்ணுங்க படத்தைத் திருடி அசிங்கமா போடுறவன் பேரையும் மூடி வைக்கணுமாண்ணே? 2012-ல ரெட்டிட்ங்கிற இணைய மன்றத்துல அப்படி ஆட்டம் போட்ட ஒருத்தனைக் காக்கர்ங்கிற செய்தித் தளம் வெளிய இழுத்துச்சு. சரிதான்னு சொல்வேன்.

வில்லியனூரான்:
அவன் அடுத்தவங்களைக் கெடுத்தவன், தம்பி. இவர் யாரைக் கெடுத்தார்? எங்க புதுச்சேரியிலயே 2012-ல ஒரு ட்வீட்டுக்காக ஒருத்தரைக் கைது பண்ணாங்க. அதுக்குப் போட்ட ஐ.டி. சட்டத்தோட 66ஏ பிரிவை 2015-ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. காண்ட்ராக்ட் ஆளை நாளைக்கு வராதேன்னு சொல்ல எந்தப் பிரிவும் வேணாமே!

மஞ்சக்குப்பம் நிருபர்:
அந்தத் தொழிலாளி படத்தை நீக்கிட்டார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆர்டிஐ போட்டிருக்கேன். ஆசிரியர்தான் இன்னும் முறைச்சுக்கிட்டுத் திரியுறார்.