எல்லாரும் அள்ளும்போது நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?

தேவனாம்பட்டினத்தான்:
போன வாரம் விடியற்காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் சித்தப்பாவின் விசைப்படகு வந்து வலையின் மடியைக் கொட்டினார்கள், பாதிக்கு மேல் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன். ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் கோழித்தீவனத்துக்குப் போனது. கண்ணி, அதாவது துளை, சின்னதாக இருக்கும் வலையை விட்டுவிடலாமே என்றால், "நான் விட்டா பக்கத்துப் படகுக்காரன் அள்ளுவான், மீன் மிஞ்சவா போகுது?" என்கிறார். அடுத்தவன் என்ன செய்வான் என்பதை வைத்து நமக்கு எது லாபம் என்று பார்க்கும், கல்லூரியில் படிக்கும் ஆட்டக் கோட்பாட்டில் போட்டுப் பார்த்தால் அவர் கணக்குதான் சரியாக வருகிறது. அப்படியென்றால் வழியே இல்லையா?

புதுவை வாத்தியார்:
ஒரே தடவை ஆடும் ஆட்டம் என்றால் அவர் கணக்கு சரி தம்பி. 1968இல் காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்று எழுதியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் துறைமுகத்தில் தினமும் அதே முகங்கள். 1980 வாக்கில் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியல் அறிவியலாளர் இந்த மாதிரி ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடவிட்டுக் கணினியில் நடத்திய போட்டியில், முதலில் ஒத்துப்போய் அப்புறம் எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் உத்திதான் ஜெயித்தது. ஆனால் அங்கே ஒரு நேரத்தில் ஆடுவது இரண்டே பேர். நூறு படகில் ஒருவன் ஏமாற்றினான் என்று நீங்களும் சின்னக் கண்ணி போட்டால், அடி ஒழுங்காக இருந்த தொண்ணூற்றொன்பது பேருக்கும்தான் விழும்.

கரைவாசி:
வாத்தியார் விட்டதை நான் சொல்கிறேன். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் துருக்கியின் அலான்யா ஊர் மீனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வலை போடும் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்து, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி, தினம் ஒரு இடம் கிழக்கே நகர்வார்கள், ஜனவரிக்குப் பிறகு மேற்கே. நல்ல இடம் இன்று யாருடைய முறையோ, அவன் விடியும் முன்னே அங்கே நிற்பான். வேறு காவல் எதற்கு?

பெரிய மடி:
நம்ம ஊரையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கின்றன, எவன் போனாலும் ஊருக்கே தெரியும். கண்ணி அளவு அப்படி இல்லை, தண்ணீருக்குள் எவன் பார்த்தான்?

தேவனாம்பட்டினத்தான்:
நன்றி அண்ணே. நேற்று சித்தப்பாவிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன், எல்லாப் படகும் பெரிய கண்ணிக்கு மாறினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. "மொத ஆளா மாத்துவேன்டா, ஆனா கரையில ஒவ்வொரு வலையையும் அளக்கணும், என்னோடதையும் சேத்து" என்றார்.