தெரிந்த சொல்தான் காலை வாரும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

லீட்ஸுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மகனுக்கு இரண்டு வயது, நல்ல காய்ச்சல். இரவு 11 மணிக்கு, மருத்துவ ஆலோசனைக்கான 111 எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண்மணி, "ஹேஸ் ஹி பீன் சிக்?" என்று கேட்டார். உடம்பு சரியில்லாமல்தானே அழைக்கிறேன், இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டே, "ஆமாம், மூன்று நாளாக" என்றேன். "எத்தனை முறை?" என்றார். காய்ச்சலை எப்படி எண்ணுவது? அடுத்து, தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறதா, வாய் உலர்ந்திருக்கிறதா என்று கேள்விகள் வேறு திசையில் ஓடின. மூன்று நாளாக வாந்தி எடுக்கும் குழந்தை என்று அவர் எழுதிக்கொண்டிருந்தார். உண்மையில் அவன் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை.

இங்கே "பீன் சிக்" என்றால் வாந்தி எடுத்தான் என்று பொருள். "ஃபீலிங் சிக்" என்றால் குமட்டுகிறது. உடம்பு சரியில்லை என்பதற்கு "இல்" அல்லது "அன்வெல்" என்று சொல்லுங்கள். எங்கள் யார்க்‌ஷயர் பக்கத்தில் "பூர்லி" என்பார்கள். ஆனால் "ஆஃப் சிக்" என்று அலுவலகத்தில் சொன்னால் அதில் வாந்தி கிடையாது, வெறும் நோய் விடுப்புதான். குழப்பம் என்றால் இதுதான் குழப்பம்.

மருத்துவரிடம் போகும்போது இன்னும் சிலவற்றை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். "சுகர் இருக்கிறது", "பிரஷர் இருக்கிறது" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் சர்க்கரை டப்பாவும் வேலைப் பளுவும்தான் அவர்கள் நினைவுக்கு வரும். டயாபடீஸ், ஹை பிளட் பிரஷர் என்று முழுதாகச் சொல்லுங்கள். "லூஸ் மோஷன்" பலருக்குப் புரியாது, டயரியா. "கேஸ்ட்ரிக்" என்று நாம் சொல்வது அவர்களுக்கு வயிறு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று, அவ்வளவே. ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் அவர்கள் வாய்திறக்கும் முன்பே இதைச் சொல்லிவையுங்கள். "சர்ஜரி"யிலிருந்து கடிதம் வந்தால் அம்மாவுக்குப் படபடப்பு வேண்டாம். இங்கே குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கே அந்தப் பெயர். அறுவை சிகிச்சை நடக்கும் இடம் "தியேட்டர்".

கவனித்தீர்களா, இவற்றில் ஒன்றுகூடக் கடினமான சொல் இல்லை. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். தெரியும் என்று நினைக்கும் சொல்லை யாரும் புரட்டுவதில்லை.

என் வீட்டுக்காரர் விசா கடிதத்தைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்தார். "யுவர் லீவ் எக்ஸ்பயர்ஸ்" என்று ஒரு தேதி. விடுமுறையே எடுக்காதவருக்கு எந்த விடுமுறை முடிகிறது? குடியேற்றச் சட்டத்தில் "லீவ்" என்றால் அனுமதி. "லீவ் டு ரிமெயின்" என்பது தங்குவதற்கான அனுமதி. நினைத்துப் பார்த்தால் இது நமக்குப் பழகிய பொருள்தான். பள்ளியில் "கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்" என்று எழுதினோமே, அங்கேயும் நாம் கேட்டது வராமலிருக்க அனுமதிதான். நாம்தான் அதை விடுமுறை என்றே வைத்துக்கொண்டோம். அந்தத் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். அது தாண்டினால் சிக்கல்.

வாடகைக்கு வீடு தேடுபவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். சென்னையில் பத்து மாத வாடகையை "அட்வான்ஸ்" என்று கொடுத்துப் பழகியவர்கள், இங்கே "அட்வான்ஸ்" என்றால் வாடகையையே முன்கூட்டிக் கட்டுவது என்று புரிந்துகொள்ளுங்கள். அது திரும்பி வராது. திரும்பி வரக்கூடியது "டெபாசிட்". அதிலும் இரண்டு உண்டு. வீட்டை உங்களுக்காக ஒதுக்கிவைக்கக் கொடுப்பது "ஹோல்டிங் டெபாசிட்", இங்கிலாந்தில் அதிகபட்சம் ஒரு வார வாடகை. நீங்களாக மனம் மாறினால் அது போய்விடலாம். வீட்டுக்குக் குடிபோகும்போது கொடுப்பது "டெனன்சி டெபாசிட்", ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டு வரம்புகளும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கின்றன. டெனன்சி டெபாசிட்டை வீட்டு உரிமையாளர் 30 நாட்களுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். "டெபாசிட் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், எந்த டெபாசிட் என்று எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும். நான் கேட்கவில்லை. பாடம் 220 பவுண்டு.

"பை", "அன்டில்" இரண்டையும் பலர் மாற்றிப் போடுகிறார்கள். நம் மொழியில் வைத்துப் பார்த்தால் எளிது: வெள்ளிக்கிழமைக்குள் என்றால் "பை ஃபிரைடே", வெள்ளிக்கிழமை வரை என்றால் "அன்டில் ஃபிரைடே". வேலையை வெள்ளிக்குள் முடிப்பேன் என்று சொல்ல நினைத்து "அன்டில்" போட்டால், வெள்ளி வரை அதையே உருட்டிக்கொண்டிருப்பேன் என்பது போல் ஆகிவிடும். "நெக்ஸ்ட் ஃபிரைடே" இன்னொரு பொறி. திங்களன்று ஒருவர் அப்படிச் சொன்னால், பலருக்கு அது இந்த வார வெள்ளி அல்ல, அடுத்த வார வெள்ளி. தேதியைக் கேட்டுவிடுங்கள், வெட்கம் வேண்டாம். "ஹாஃப் எய்ட்" என்றால் எட்டரை; ஏழரை என்று நினைத்துக் குளிரில் ஒரு மணி நேரம் நின்றவள் சொல்கிறேன். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கும். "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கடன் வாங்குவது "பாரோ", கொடுப்பது "லெண்ட்". இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எழுத்துப்பிழைகளை நான் பெரிதாக நினைப்பதில்லை. இழப்பதைக் குறிக்கும் "லூஸ்" என்பதில் ஓர் "ஓ" கூடினால் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஒன்று மட்டும்: கணினியின் பிழைதிருத்தியை நம்பாதீர்கள். "குவைட்", "குவையட்" இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பெரும்பாலும் சிவப்புக் கோடு வராது. பணி விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

"ஐ ஹேவ் எ டவுட்" என்பதையும் குறையுங்கள். நாம் கேள்வி கேட்கிறோம். அவர்கள் காதில் "நீங்கள் சொல்வதை நம்பவில்லை" என்பது போல் விழுகிறது. "கொஸ்டின்" போதும்.

கடைசியாக, நம் ஊர் "பேண்ட்". இங்கே பெரும்பாலோருக்கு "பேண்ட்ஸ்" என்றால் உள்ளாடை, கால்சட்டைக்கு "டிரவுசர்ஸ்". வேலையில் சேர்ந்த முதல் வாரம் மழையில் நனைந்துகொண்டே அலுவலகம் போய், மேலாளரிடம் என் பேண்ட்ஸ் முழுக்க நனைந்துவிட்டது என்று கவலையோடு சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தேவையானால் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம், காரணம் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.