ஒளியிழை போட்டால் மின்சாரம் மிச்சமா, கூடுதல் செலவா?

இராப்பணி:
நான் வேலை பார்க்கும் டேட்டா சென்டருக்கு 64 போர்ட் 800ஜி (போர்ட்டுக்கு விநாடிக்கு 800 கிகாபிட்) சுவிட்சுகள் வந்து இறங்கியிருக்கின்றன. போர்ட்டுக்கு ஓர் ஆப்டிகல் மாட்யூல் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் குட்டிப் பெட்டி), ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 வாட். பெருக்கிப் பார்த்தால் ஒரு பெட்டியில் மாட்யூல்கள் மட்டுமே 960 வாட் தின்கின்றன. சுவிட்ச் சிப் தனி, சூட்டை வெளியே தள்ளும் ஃபேன் தனி. ஓடிக்கொண்டிருந்த ஒரு மாட்யூலைக் கழற்றினேன், விரல் சுட்டுவிட்டது. ஒளியில் போனால் மின்சாரம் மிச்சம் என்கிறார்களே, அது எந்தக் கணக்கு?

கண்ணாடிநார்:
ஃபைபர் எதையும் தின்னவில்லை நண்பரே, தின்பதெல்லாம் இரண்டு முனையிலும் மின்சாரம் ஒளியாகவும் ஒளி மின்சாரமாகவும் ஆகும் மாற்றம்தான். சிக்னல் சிப்பிலிருந்து முன்பக்கப் போர்ட்டுக்குச் செம்புத் தடத்தில் ஒரு சாண் தூரம் வருவதற்குள்ளேயே மங்கிவிடுகிறது. அதைத் தேற்றி எடுக்கத்தான் மாட்யூலுக்குள் டிஎஸ்பி என்ற சிக்னல் சீராக்கும் சிப். நீங்கள் சொன்ன 15 வாட்டில் கிட்டத்தட்ட பாதி அதற்கே போகும்.

அதனால்தான் கிட்டத் தூரத்துக்குச் செம்பை யாரும் விடுவதில்லை. என்விடியாவின் என்விஎல்72 என்ற ஏஐ கணினி ரேக்கில் 5,000 செம்புக் கேபிள்கள். அதே வேலைக்கு ஒளியைப் போட்டிருந்தால் கூடுதலாக 20 கிலோவாட் ஆகியிருக்கும் என்று அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2024ல் மேடையிலேயே சொன்னார். ரேக்குக்கு வெளியே, பத்து மீட்டர் தாண்டினால், இந்த வேகத்தில் செம்பு தாங்காது.

மலைச்சரிவு:
மாற்றத்தைக் குறைப்பதில்தான் மிச்சம் இருக்கிறது, அதை அழகாகச் செய்து காட்டியது கூகுள். அவர்களுடைய டேட்டா சென்டர்களை ஓட்டும் ஜூப்பிட்டர் நெட்வொர்க்கில், மற்ற சுவிட்சுகளையெல்லாம் நடுவில் இணைத்த ஸ்பைன் சுவிட்சுகளின் இடத்தில் குட்டிக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒரு ஃபைபரில் வந்த ஒளியை அப்படியே திருப்பி இன்னொரு ஃபைபருக்கு அனுப்பிவிடுகின்றன, நடுவழியில் மின்சாரமாக மாறுவதே இல்லை. இந்த வழியில் 41 சதவீதம் மின்சாரம் குறைந்தது என்று 2022ல் எழுதினார்கள். இன்னொன்று, கண்ணாடிக்கு 100ஜி, 400ஜி என்ற பேதம் கிடையாது, வேகம் கூடினாலும் அதையே வைத்துக்கொள்ளலாம். 4,096 சிப்கள் கொண்ட டிபியு வி4 என்ற கூகுளின் ஏஐ கணினியில் இந்தக் கண்ணாடிச் சுவிட்சுகள் எடுப்பது மொத்த மின்சாரத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் சாதாரண சுவிட்ச் மாதிரி கண்ணாடி டேட்டா பாக்கெட்டைப் படித்து வழி சொல்லாது, அது வேறு பக்கம் திரும்புவதற்கும் மில்லிசெகண்டுகள் ஆகும். எந்த டிராஃபிக் எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் சரிப்படும்.

இராப்பணி:
எங்களுடையது அவ்வளவு பெரிய இடம் இல்லை. ஒளியாக மாற்றும் பகுதியைச் சுவிட்ச் சிப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார்களாமே? ஒன்று போனால் சுவிட்சையே தூக்க வேண்டுமா?

கண்ணாடிநார்:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. 2025ல் என்விடியா காட்டிய சுவிட்சில் 1.6டி (விநாடிக்கு 1.6 டெராபிட்) போர்ட் ஒன்றுக்கு 30 வாட் என்பது 9 வாட்டாக இறங்குகிறது என்கிறார்கள், காரணம் அந்த ஒரு சாண் தூரம் போய்விட்டது. அடிக்கடி பழுதாகும் லேசரை மட்டும் முன்பக்கம் கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறார்கள், அது நல்ல புத்தி. இப்போதைக்கு உங்களுக்கு எல்பிஓ மாட்யூல் பொருந்தும்: டிஎஸ்பி கிடையாது, மின்செலவும் பாதியை நெருங்கிக் குறையும். உங்கள் சுவிட்ச் சிப் அதற்கு ஒத்துவருமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேபிள்காரன்:
எல்பிஓ வாங்கினால் ஃபைபர் முனையைத் துடைக்கும் பேனாவும் முனையைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்கோப்பும் சேர்த்து வாங்குங்கள். தேற்றி எடுக்க டிஎஸ்பி இல்லாததால் அழுக்கைப் பொறுக்காது. சிங்கிள்மோட் ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி (கோர்) 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு இரவு முழுக்க ஒரு லிங்க் விழுந்து விழுந்து எழுந்தது, மாட்யூலை இரண்டு தடவை மாற்றினோம், அசையவில்லை. கடைசியில் ஸ்கோப்பில் பார்த்தால் முனையில் விரல் எண்ணெய். பேனாவை ஒரு க்ளிக், அதற்குப் பிறகு அந்த லிங்க் விழவே இல்லை.