மறு: அடி முடிஞ்சாச்சு, பொருள் முடியல – இதுக்கு என்ன பேரு?

மலைக்கோட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் பசங்களுக்கு ஆங்கிலக் கவிதை அறிமுகம் ஒண்ணு தமிழ்ல பண்ணிக்கிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும். உவமை, உருவகம், ஆகுபெயர், மோனை எல்லாம் பிரச்சினை இல்லாம ஓடிருச்சு. என்ஜாம்ப்மென்ட்ல வந்து நிக்கறேன். ஒரு வரி முடியும், வாக்கியம் முடியாது, அடுத்த வரிக்குள்ள போய்த்தான் முடியும், அது. இதுக்கு எதிர்ச்சொல்லும் வேணும், வரியோட பொருளும் சேர்ந்து நிக்கறதுக்கு. பாடத்துல மில்டனோட காவியத்து முதல் வரியத்தான் உதாரணமா குடுத்திருக்காங்க. "கனி"ன்னு வரி முடியுது, எந்த மரத்துக் கனின்னு அடுத்த வரியிலதான் வருது. தமிழ்ல போட்டா மரம் முன்னாடி வந்துருது, கனி பின்னாடி போயிருது, அந்தத் தொங்கலே காணாமப் போகுது. அது என் தலைவலி, நான் பாத்துக்கறேன். பேரு மட்டும் சொல்லுங்க. போன தடவை தற்குறிப்பேற்றத்துக்கு வந்த மாதிரி அறுபது மெயில் வேண்டாம், கும்பிடறேன்.

வெண்பாப்பித்தன் எழுதியது:

அம்மா, இதுக்குப் போய் புதுச்சொல் எதுக்கு? வகையுளி இருக்கே.

மலைக்கோட்டை எழுதியது:

ஐயா, வகையுளி சொல்லைப் பிளக்கறதில்லையா? "நீடுவாழ் வார்"னு சீருக்காக வாழ்வார வெட்டறோமே, அது. இங்க சொல் முழுசா இருக்கு, வாக்கியம்தான் வெட்டுப்படுது.

வெண்பாப்பித்தன் எழுதியது:

சரிதான், அவசரப்பட்டுட்டேன். ஆனா வேர்லேர்ந்து போனா வழி கிடைக்கும். பிரெஞ்சுல "ழாம்ப்"னா கால். "ஆன்ழாம்பே"ன்னா காலைத் தூக்கி வச்சுத் தாண்டறது. நம்மாளு வரிக்கே அடின்னு பேர் வச்சவன், அடின்னா பாதம். அவன் காலைச் சொன்னான், நாம பாதத்தைச் சொன்னோம், இதைவிடப் பொருத்தம் வேணுமா? அந்த "ழாம்ப்" லத்தீன் "கம்பா"விலேர்ந்து வந்தது, கம்பா நம்ம கம்புதான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம், கால் கம்பு மாதிரிதானே இருக்கு. அது கிடக்கட்டும். ஒரு கால் இந்த அடியில, ஒரு கால் அடுத்த அடியில, அகட்டி நிக்குது. அப்போ "கவட்டடி". கவடுன்னா பிளவு, நல்ல பழைய சொல்.

மலைக்கோட்டை எழுதியது:

ஐயா, நாற்பது பசங்க இருக்கற கிளாஸ்ல "கவட்டடி"ன்னு நான் போர்டுல எழுதிட்டு உயிரோட வெளிய வரணும். எங்க பக்கம் கவட்டைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? உண்டிவில்லுங்கற அர்த்தத்தைச் சொல்லல, இன்னொண்ணு.

நிரலன் எழுதியது:

கம்பா, கம்பு 😀 ஐயா அந்த கம்பா கிரேக்கத்துல "வளைவு"ங்கற சொல்லுலேர்ந்து வந்ததுன்னு அகராதியிலயே இருக்கு. விடுங்க. என்னோட யோசனை சிம்பிள், "வரிமடக்கு". திரையில இடம் போதலைன்னா எழுத்து அடுத்த வரிக்கு மடங்கி வருதே, அதே வேலைதான். பசங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு, உடனே புரியும்.

வெண்பாப்பித்தன் எழுதியது:

தம்பி, மடக்கு ஓர் அணி. வந்த சொல்லே மறுபடி வந்து வேற பொருள் தரணும். தண்டியலங்காரம்ங்கற அணி இலக்கண நூல்ல தண்டியாசிரியர் அதுக்குத் தனியா அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கார். இருக்கற பேரைப் புடுங்கி இன்னொண்ணுக்கு ஒட்டினா, நாளைக்குப் பையன் பரீட்சையில ரெண்டையும் கலந்து எழுதுவான். அதோட வரிங்கறது வேற. கானல்வரின்னா பாட்டு. அரசாங்கத்துக்குக் கட்டறதும் வரிதான்.

நிரலன் எழுதியது:

அப்போ புதுக்கவிதைக்கு என்ன சொல்வீங்க? அங்க அடி ஏது, சீர் ஏது? வரிதானே இருக்கு.

நடைபாதைக்கவி எழுதியது:

நான் பொதுவா இங்க வாய் திறக்கறதில்ல. ஆனா புதுக்கவிதையில இது ஒரு சமாச்சாரம்னா அது மட்டும்தான் சமாச்சாரம், எங்க உடைக்கறோம்ங்கறதுலதான் பாதி கவிதையே இருக்கு. 1830ல பாரிஸ்ல ஹ்யூகோவோட ஹெர்னானி நாடகம் மேடையேறினப்போ முதல் ரெண்டு வரியிலயே ரகளை. "படிக்கட்டு"ன்னு வரி முடியுது, அது "மறைவான" படிக்கட்டுங்கற பெயரடை அடுத்த வரியில வந்து விழுது. இலக்கணம் படிச்ச பெரியவங்க ஒருபக்கம், தலைமுடி வளர்த்த பசங்க ஒருபக்கம், தியேட்டரே ரெண்டுபட்டுது. அப்பேர்ப்பட்ட சொல்லு இது. பேசாம "என்ஜாம்ப்மென்ட்"னே போடுங்க. பஸ், டீன்னு எழுதறோமே, செத்தா போயிட்டோம்?

வெண்பாப்பித்தன் எழுதியது:

செத்துத்தான் போயிட்டிருக்கோம், மெதுவா.

வன்னிக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச பள்ளிக்கூடத்தில தமிழ் படிப்பிக்கிறனான். இது எங்கட பாட்டுகளில இல்லாத புதினம் எண்டு ஏன் எல்லாரும் கதைக்கிறியள்? முதற் குறளைப் பாருங்கோ. முதலடி "ஆதி" எண்டு நிக்குது, "பகவன்" அடுத்த அடியில. பத்தாவது குறள் இன்னும் நல்லம். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்", அடி முடிஞ்சுது. நான் அதில நிப்பாட்டினன். பின்வாங்கில இருந்த ஒரு பெடியன் கேட்டான், சேர், நீந்துவினமோ நீந்தமாட்டினமோ? அந்தக் கேள்விதான் பாடம். ஆர் நீந்தாயினம் எண்டது அடுத்த அடியிலதான் இருக்கு. அகவல், அதுதான் ஆசிரியப்பா, எண்டால் சொல்லவே வேண்டாம், "செம்புலப் பெயல்நீர் போல" எண்டு அடி முடிஞ்சு அடுத்த அடியிலதானே நெஞ்சம் கலக்குது. அகவல் முழுக்க இப்பிடித்தான் ஓடுது, அதாலதான் தனியப் பேர் வைக்கேல்லையோ தெரியாது. வீட்டில அம்மாவை ஆர் பேர் சொல்லிக் கூப்பிடுறது?

என்ர யோசினை இது. முற்று, எச்சம் எல்லாப் பிள்ளையளுக்கும் தெரியும். பொருள் முடிஞ்சு நிக்கிற அடி "முற்றடி". எஞ்சி நிக்கிற அடி "எச்சவடி". அக்கா கேட்ட சோடியும் கிடைச்சிட்டுது.

மலைக்கோட்டை எழுதியது:

ஐயோ இது அழகா இருக்கே. சோடியா கிடைக்கும்னு நான் நினைக்கவே இல்ல.

நிரலன் எழுதியது:

அழகுதான். ஆனா எச்சம்னா காக்கா போட்டதுன்னுதான் பசங்களுக்கு முதல்ல தோணும். கவட்டைக்கு வந்த கதி இதுக்கும் வரும்.

வெண்பாப்பித்தன் எழுதியது:

அதுக்குப் பயந்தா தொல்காப்பியத்துல எச்சவியலையே கிழிச்சுப் போடணும். என் ஆட்சேபணை வேற. எச்சம்னா பெயரெச்சம், வினையெச்சம், ஒரு வினையோட குறை. "ஆதி"ங்கறது பெயர்ச்சொல். அது எந்த எச்சம்? பையன் கேப்பான். பேசாம பாட்டு அளவுல நமக்கு இருக்கற பேரைக் கீழ இறக்கலாம். பல பாட்டு ஒரே வினையைக் கொண்டு முடிஞ்சா குளகம். பாட்டு தாண்டினா குளகம், அடி தாண்டினா "அடிக்குளகம்".

வன்னிக்காத்து எழுதியது:

ஐயா, குளகம் எண்டால் என்ன எண்டு முதல்ல அரை மணித்தியாலம் படிப்பிச்சுப்போட்டு, பிறகு அடிக்குளகம். அதுக்குள்ள மணி அடிச்சிடும். மற்றது, எச்சவியலிலயே வினை எச்சம் மட்டும் இல்லை, சொல்லெச்சம், குறிப்பெச்சம் எல்லாம் இருக்கு. எஞ்சிறதெல்லாம் எச்சந்தான்.

மலைக்கோட்டை எழுதியது:

வியாழன் ராத்திரி ஆயிருச்சு. ஒரு விஷயம் இடையில சொல்லிடறேன், இதுக்கு முன்னாடி இந்தப் பாடத்தைத் தொட்ட ஆளு ஆங்கிலத்துல ஃபுட்ங்கறதைப் பாத்துட்டு எல்லா இடத்துலயும் "அடி"ன்னு போட்டு வச்சிருக்கார். அது சீர்! அஞ்சு சீர் வர்ற ஒரு வரி அவர் கையில "ஐந்தடிப் பாட்டு" ஆயிருச்சு. நெடிலடின்னு சுலபமா சொல்லியிருக்கலாம். அத்தனையும் உக்காந்து திருத்தினேன், அதான் ரெண்டு நாளா பதில் இல்ல.

எச்சவடி வேணும்னு ரெண்டு பேர், வரிமடக்குக்கு ஒருத்தர், அப்படியே விட்டுடுன்னு ஒருத்தர், குளகத்துக்கு ஐயா மட்டும். ஆனா ஐயாவே விளக்கம் சொல்றப்போ "தாண்டறது"ன்னுதான் சொல்லியிருக்கார். மேல போய்ப் பாருங்க. அதனால "அடிதாண்டல்"னு போட்டுட்டேன், எதிர்ப்பக்கம் "முற்றடி". சோடி சரியா உக்காரலதான். எச்சவடியை ஆசிரியர் குறிப்புல சேத்திருக்கேன். புதுக்கவிதைப் பகுதியில மட்டும் "வரிதாண்டல்". ரெண்டு பேர் ஒரே விஷயத்துக்கான்னு கேப்பீங்க, தெரியும்.

நிரலன் எழுதியது:

ஓகே. தூங்குங்க அக்கா.

வன்னிக்காத்து எழுதியது:

நல்லது. நான் என்ர வகுப்பில எச்சவடி எண்டுதான் சொல்லப்போறன், குறை நினைக்காதேங்கோ.

வெண்பாப்பித்தன் எழுதியது:

தாண்டல்னா நடுவுல இருக்கறதை மிதிக்காமப் போறது. ஆறு தாண்டறோம், வாய்க்கால் தாண்டறோம். இங்க பொருள் எதையும் விட்டுட்டுப் போகல, தொட்டுக்கிட்டே ஒழுகிப் போகுது. ஆற்றுநீர்ப் பொருள்கோள்னு நன்னூலார் சொன்ன அந்த ஓட்டம்தான். "ஒழுகடி"ன்னு ஒரு சொல் இன்னிக்குக் காலையில தோணிச்சு. அனுப்பிட்டீங்களாம்மா?