தோக்குற காலேஜ் ஃபுட்பால் டீமுக்குக் கூட்டத்தை எப்படி நிலையா நிறுத்துறது?

பாளை விங்கர்:
பாளையங்கோட்டைல ஒரு காலேஜ் டீமோட மாணவர் பொறுப்பாளர் நான். வருஷா வருஷம் முதல் ரவுண்டுலயே வெளிய வந்துருதோம். பாக்க வர்ற கொஞ்சம் பேரும் ரெண்டு கோல் வாங்கினதும் கலைஞ்சிருதாங்க. ஃப்ளெக்ஸ், பைக் ஊர்வலம் எல்லாம் ஒருநாள் கூத்து. டீம் ஜெயிக்கட்டும்னு காத்திருக்காம கூட்டத்தைச் சேக்க என்ன வழி அண்ணாச்சி?

மேட்டுத்திடல்:
தம்பி, கோளாறு கூட்டத்துல இல்ல, அட்டவணையில இருக்கு. நாக்-அவுட்ல முதல் ஆட்டம் தோத்தா அந்தப் போட்டியே அன்னைக்கு முடிஞ்சுது. ஒரே ஆட்டத்தை வச்சு யாருக்கும் பழக்கம் வராது. பாளைல காலேஜுக்கா பஞ்சம்? நாலு காலேஜ் சேந்து லீக் வைங்க. ஒவ்வொரு டீமோடயும் உங்க கிரவுண்டுல ஒண்ணு, அவங்க கிரவுண்டுல ஒண்ணு. மொத்தம் 12 ஆட்டம். உங்களுக்கு ஆறு, அதுல மூணு சொந்த கிரவுண்டுல. கிழமையும் நேரமும் மாறவே கூடாது. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க.

நேரந்தான் முக்கியம். 90 நிமிஷ ஆட்டம் இடைவேளையோட ரெண்டு மணி நேரத்தை நெருங்கிரும். நாலு மணிக்குத் தொடங்கினா ஆலங்குளம், அம்பை, நாங்குநேரி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைங்க எப்படி நிப்பாங்க? உங்க லீக்தானே, பாதிக்கு 30 நிமிஷம்னு வைங்க, இடைவேளை 10. மூணேகாலுக்குத் தொடங்கினா நாலரைக்குள்ள முடிஞ்சிரும்.

அந்நேரத்து வெயில் சும்மா விடாது. கூட்டத்தை மேற்குப் பக்கம் நிறுத்துங்க, வெயில் முதுகுக்குப் போயிரும். நூறு பேருக்கு ஆளுக்கு அரை லிட்டர்னா 50 லிட்டர் தண்ணி, 20 லிட்டர் கேன் மூணு. தண்ணி இல்லாத இடத்துல இடைவேளைக்கு அப்புறம் ஒருத்தரும் நிக்க மாட்டாங்க.

உறுமிச் சத்தம்:
ஆளை ஹாஸ்டல்ல இருந்து சேருங்க. அவங்களுக்குப் பஸ் கவலை கிடையாது. முப்பது பேர் போதும், ஆனா நடுக்கோட்டுக்கு நேரா தோளோடு தோள் ஒட்டி நிக்கணும். கிரவுண்டைச் சுத்திச் சிதறி நிக்கிற நூத்தம்பது பேரை விட அந்த முப்பது பேர் சத்தம்தான் ஆடுறவன் காதுல விழும்.

கூலி மேளம் வேண்டாம். மேளக்காரங்க வண்டி ஏறினதும் சத்தமும் அவங்களோடயே போயிரும். உங்க பசங்களே பழகட்டும், ரெண்டு தப்பு மேளம், ஒரு உறுமி போதும். விசிலுக்குக் கண்டிப்பா தடை போடுங்க, ரெஃபரி ஊதினாருன்னு நினைச்சு நம்ம டிஃபென்ஸே நின்னுரும். டச்லைன்ல, அதாவது கிரவுண்டோட பக்கக் கோட்டுல இருந்து மூணு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்க.

கூட்டம் உடையிறது கோல் வாங்கின அடுத்த நிமிஷத்துல. பந்து நடுவுக்கு வந்து திரும்ப உதைக்கிறதுக்குள்ள கோஷம் கிளம்பணும். அதுக்குன்னே ஒரு ஆளை நியமிங்க. கோஷம் கோல்கீப்பர் பேரோட இருக்கட்டும், அந்த நேரத்துல அவனுக்குத்தான் அது தேவை. எதிர் டீமோட ஊரையோ வீட்டையோ இழுத்தா அடிதடி வரும், அத்தோட ஆட்டத்துக்கே பூட்டு.

வெற்றிய வாக்குக் கொடுக்காதீங்க. முதல் இருபது நிமிஷம் கோல் விடலையா, எத்தனை கார்னர் கிடைச்சுதுன்னு சொல்லுங்க. ஒரே டீமோட ரெண்டு தடவை ஆடுறதுல இதுக்கும் வழி இருக்கு. முதல் தடவை 4-0, அடுத்து 2-1 தோத்தா, அந்த வித்தியாசத்தை நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடுங்க.

நன்னாரி:
யாரும் சொல்லாத ஒண்ணு. காலேஜ் நிறத்துல கைக்கயிறு கொடுக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. நம்ம பக்கம் கயிறோட நிறம் சாதி அடையாளம்னு எல்லாருக்கும் தெரியும். 2023ல நாங்குநேரில சாதி வெறில ஒரு மாணவனைக் கூடப் படிச்ச பசங்களே வெட்டின சம்பவத்துக்கு அப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழுவும் 2024 அறிக்கையில பள்ளிகள்ல வண்ணக் கயிறுக்குத் தடை கேட்டுது. காலேஜ் பேர் அச்சடிச்ச துண்டு போதும், வெயிலுக்கும் ஆகும். எந்தத் தெருப் பையனும் தயங்காம வந்து நிக்கிற இடமா அது இருக்கணும்.

மாணவிகளுக்குக் கழிப்பறை பக்கத்துலயே இடம் ஒதுக்குங்க. மூத்த மாணவிகள் ரெண்டு பேர் பொறுப்பு எடுக்கட்டும்.

பாளை விங்கர்:
துண்டு, தண்ணிக்கெல்லாம் காசு?

மேட்டுத்திடல்:
பழைய மாணவர்கள்கிட்ட பணமா கேக்காதீங்க, பொருளா கேளுங்க. ஒருத்தர் மூணு ஆட்டத்துக்கும் தண்ணி கேன், இன்னொருத்தர் அஞ்சாம் நம்பர் பந்து ரெண்டு, அடுத்தவர் துண்டு. கொடுத்தவங்களுக்கு ஆட்டத் தேதியை ஒரு வாரம் முன்னாடியே வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க. தான் வாங்கின பந்து எப்படி ஓடுதுன்னு பாக்கவாவது வருவாங்க.