சக்கேட்: ‘விழித்தாவல்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று பாயும் விழியசைவை ஆங்கிலத்தில் சக்கேட் (saccade) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘விழித்தாவல்’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. நீங்கள் சொன்ன மாற்றுச் சொற்களுக்கு என் பதில் இதோ.

> ‘கண்துடிப்பு’ என்று வைத்தால் எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும், ஆனால் வேறொன்று புரியும். வலக்கண் துடித்தால் நல்லதா கெட்டதா என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னதுதான் நினைவுக்கு வரும். அங்கே துடிப்பது இமை. சக்கேட்டில் நகர்வது விழி.

> பழைய பாட்டில் கயல் பிறழும், கண்ணும் பிறழும். ‘விழிப்பிறழ்ச்சி’ எப்படி?

ஆசையாகத்தான் இருக்கிறது. துள்ளும் கெண்டையை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஆனால் இயற்பியல் பாடநூலில் ‘நிறப்பிறழ்ச்சி’ என்று லென்சின் குறைக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தாயிற்று. அதே ஒளியியல் பக்கத்தில் இன்னொரு பிறழ்ச்சி வந்தால், கண்ணில் ஏதோ கோளாறு என்றே மாணவர் நினைப்பார். (‘கண்வெட்டு’ வேண்டவே வேண்டாம். அது சண்டைக்காரர்கள் பார்க்கும் பார்வை.)

நேற்று டிரினிட்டியில் மெட்ரோ ஏறி, எதிரே உட்கார்ந்திருந்தவரின் கண்ணையே கவனித்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, அவர் என்னைக் கவனிக்கவில்லை. என் தலைக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விழி ஒரு கட்டடத்தைப் பிடிக்கிறது, அதோடு மெதுவாக ஓரம்வரை போகிறது, சட்டென்று திரும்பி அடுத்ததைப் பிடிக்கிறது. கூடவே போவது வேறு இயக்கம். அதற்கு ‘விழித்தொடர்வு’ என்று வைக்கலாம். திரும்பிப் பாய்கிறதே, அதுதான் நம் ஆள். இந்திராநகர் வருவதற்குள் எனக்குத் ‘தாவல்’ என்பது உறுதியாகிவிட்டது.

தாவாமல் கண்ணுக்கு வழியும் இல்லை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தால், ஏறக்குறைய அந்த அகலத்துக்குத்தான் பார்வை துல்லியம். மற்றதைப் பார்க்க விழியை அங்கே கொண்டுபோக வேண்டும். நொடிக்குச் சுமார் 3 முறை கொண்டுபோகிறோம். இந்த வரியையும் அப்படித்தான் படிக்கிறீர்கள். 1870களின் இறுதியில் பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜவால் வாசிப்பைப் பற்றி எழுதியபோது எடுத்தாண்ட சொல்தான் ‘சக்கேட்’; குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பது அதன் பழைய பொருள். அவர்களும் தெருவிலிருந்துதான் எடுத்தார்கள்.

கணினியில் டேபுக்கும் ‘தாவல்’ இருக்கிறதே என்பீர்கள். முன்னால் ‘விழி’ நிற்பதால் குழப்பம் வராது. வினையாகவும் வளைகிறது: விழி தாவியது, தாவிய விழி. துடிப்பிலும் பிறழ்ச்சியிலும் இந்த வசதி இருந்தாலும் பொருள் மாறிப்போகிறது.

சரி, அடுத்த சிக்கல். கண்ணாடியில் உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். விழி நகர்வது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். தாவும் நேரத்தில் மூளை பார்வையின் கூர்மையைத் தணித்துவிடுகிறது. இதற்குத் ‘தாவல் மறைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முழுக்க மறைவதில்லையே, குறைகிறது அவ்வளவுதான். ‘தாவல் மங்கல்’ என்றால்? மங்கல் என்றதும் கண்புரை ஞாபகம் வருகிறது என்று இங்கே வீட்டில் ஆட்சேபம். அப்புறம் உங்கள் விருப்பம்.

பெங்களூரிலிருந்து