குதிர் யார் வீட்டில் இருந்தது?

செராய் மகன்:
மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் வயல். கதிர் முற்றிய வாசம் வீட்டுக்குள் வந்தாலே பாட்டி சொன்ன தஞ்சாவூர்தான் ஞாபகம் வரும். குறுவை, சம்பா, தாளடி என்று மண் சும்மா இருந்ததே இல்லை. வைக்கோல் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு, நெல் வீட்டுக் களஞ்சியமான குதிருக்கு. காசே இல்லாமல் ஊர் நடந்தது. அதை விட்டு மலாயாவுக்குப் பால்மரம் (ரப்பர்) வெட்ட வந்ததுதான் நம்மவர்கள் செய்த தவறு.

லயத்து வீட்டுக்காரி:
தம்பி, அந்தக் குதிர் யார் வீட்டில் இருந்தது? எங்கள் தாத்தாவும் அதே சீமைதான், பண்ணையாள். களத்தில் நெல் மலையாகக் கிடக்கும். 12 மரக்கால் ஒரு கலம். கலம் கலமாக மிராசுதார் வீட்டுக்குப் போகும், தாத்தாவுக்கு மரக்கால் கணக்கில் கூலி. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அடையும்வரை பண்ணையை விட்டு நகர முடியாது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். அப்புறமும் 1968இல் கீழ்வெண்மணியில், கூலித் தகராறில், 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். இதையும் சேர்த்துத்தான் அந்த ஊரைப் பேச வேண்டும்.

செராய் மகன்:
கீழ்வெண்மணியை நான் மறுக்கவில்லை அக்கா. தோட்டத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? கங்காணியிடம் கடன், கடையில் கடன், குடியிருந்த லயமும் (வரிசை வீடும்) துரையுடையது. வேலை போனால் வீடும் போச்சு. வயலில் இருந்தவருக்கு நாற்று எப்போது பறிப்பது, எந்த மடையைத் திறப்பது என்று தெரியும். ஒரே தலைமுறையில் அந்த அறிவு அற்றுப் போனதே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

புக்கிட் மேரா:
நடுவில் ஒரு விஷயம். 1906இல் புக்கிட் மேரா அணை கட்டியதால்தான் நம் கிரியான் வட்டார வயலுக்கு நிலையான தண்ணீர். இன்னொன்று, ஊர் அரிசி என்று நாம் தேடி வாங்கும் வெள்ளைப் பொன்னி, மஷூரி என்ற நெல் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. 1986இல் தமிழ்நாட்டில் வெளியிட்டார்கள். அந்த மஷூரி, தைவானின் தைச்சுங் 65 ரகத்தை இந்த மண்ணின் மாயாங் எபோஸ் ரகத்தோடு கலந்து பிறந்தது. ஆக, இரண்டு கரைக்கும் உறவான நெல் அது.

லயத்து வீட்டுக்காரி:
நல்ல தகவல் ஐயா. தம்பி சொல்லும் அறிவும் நிஜம்தான். நாற்று நட்டதெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள். எங்களிடம் ஒரு பழைய இரும்புப் படி இருக்கிறது. பாட்டி அதில் அரிசி அளந்தால் விளிம்போடு வழிக்கவே மாட்டார், கோபுரமாகக் குவித்துத்தான் போடுவார். களத்தில் கூலி நெல்லைத் தலைதட்டி அளந்து கொடுத்ததை அவர் அம்மா சாகும்வரை மறக்கவில்லையாம்.

செராய் மகன்:
சரி அக்கா. மிராசுதார் காலம் எனக்கும் வேண்டாம். தாத்தா பெயரில் ஓர் ஏக்கர் இருந்திருந்தால் அவர் கப்பலே ஏறியிருக்க மாட்டார் என்றுதான் இன்னும் தோன்றுகிறது. அந்தப் படியைப் படம் எடுத்துப் போடுங்கள்.